சுத்தக் கிரயம் வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
வீட்டை விற்கப் புறப்பட்ட ஒரு குடிமகன்

பெறுநர்:
உயர்திரு சார்பதிவாளர் சமூகம்,
..............................
(ஊர்ப் பெயரை நிரப்பவில்லை. ஓர் ஊரை எழுதினால், ‘எங்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?’ என்று மற்ற ஊர் அலுவலகங்கள் வருத்தப்படும்.)

பொருள்: அப்பா கட்டிய வீட்டை விற்பனைக்குத் தயார் செய்தல் – மேலான அறிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டுள்ள, கீழ்ப்பாதி கிழிந்த அறிவிப்பு.

ஐயா / அம்மையீர்,

பணிந்து விண்ணப்பித்துக்கொள்வது என்னவென்றால், வீட்டை விற்பனைக்குத் தயார் செய்வதில் இரண்டு வேலை இருக்கிறது. செங்கல் வீட்டைத் தயார் செய்வது ஒன்று. அதற்குக் கொத்தனார், பெயின்டர், பிளம்பர் போதும். காகித வீட்டைத் தயார் செய்வது இன்னொன்று; அதற்கு எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை தேவைப்படுகிறது, அதில் பாதிப்பேர் காலமாகிவிட்டார்கள். முதல் வேலை முடிந்தது. இரண்டாவது தங்கள் கையில் இருப்பதால் இந்தக் கடிதம்.

செங்கல் வீட்டின் கதை சின்னது. பின்கட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. புரோக்கர் பார்த்துவிட்டு, “பட்டி பாத்து ரெண்டு கோட்டு அடிச்சுவுட்ருங்க சார். மழைக்கு முன்னாடி கைமாத்திட்டா அது நம்ம ஓதம் இல்ல” என்றார். நாங்கள் கொத்திப் பூசினோம். அவருக்கு அதில் மனத்தாங்கல்தான். பிறகு கூடத்துக்கு வந்து, மாலை போட்டு மாட்டியிருந்த அப்பாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். “இதக் கழட்டிருங்க. வர்றவங்க கண்ணுல மொதல்ல இதுதான் படும். துக்க வீடுன்னு வெலையக் கொறப்பாங்க.” அப்பாவை மாலையோடு பீரோவுக்குள் வைத்தோம். அன்று சாயங்காலம் அம்மா பீரோவுக்கு முன்னால் விளக்கேற்றினாள்.

பார்க்க வந்தவர்களில் ஒருவர் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். செப்டிக் டேங்க் ஈசானி மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். இவ்வளவு பெரிய குற்றத்துக்கும் வாஸ்துவில் பரிகாரம் உண்டாம்: இரண்டு லட்சம் குறைத்துக்கொள்வது.

இந்த இடத்தில்தான் தங்களை முதல்முறையாக நினைத்துக்கொண்டேன். வாங்க வருபவரிடம் அப்பா இறந்துபோனதை மறைக்க வேண்டியிருக்கிறது. தங்களிடம் அதையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஒரே மனிதரைக் காலையில் பீரோவில் ஒளித்துவைத்து, பத்து மணிக்கு மேல் இறப்புச் சான்றாக எடுத்துக்கொண்டு வருகிறோம்.

காகித வீட்டுக்கு வருகிறேன்.

வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம் என்று தாங்கள் செய்திருக்கும் ஏற்பாட்டை மனமாரப் பாராட்டுகிறேன். அப்பா இடம் வாங்கியது 1978-இல். தளத்தில் 1975-லிருந்தே பார்க்கலாம் என்பதால் வசதியாகப் போயிற்று. ஒரு சின்ன விஷயம்தான். எங்கள் தெரு மொத்தமும் நத்தம். பழைய சர்வே எண் தெருவுக்கே ஒன்று. அந்த எண்ணைப் போட்டு எங்கள் வீட்டு வில்லங்கத்தைக் கேட்டேன். தெருவின் வில்லங்கம் முழுவதும் வந்து இறங்கியது. யார் எந்த வருஷம் எவ்வளவுக்கு அடமானம் வைத்தார், யார் யாருக்குப் பாகம் பிரித்தார், எல்லாம் தேதிவாரியாக. எதிர்வீட்டுப் பெரியவர் இளைய மகளுக்கு ஒரு செட்டில்மெண்ட் எழுதியிருக்கிறார்; அடுத்த வருஷம் ரத்து; அதற்கடுத்த வருஷம் திரும்பவும் அவளுக்கே. அந்தக் காலத்தில் அந்த வீட்டுச் சண்டையைத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த எங்களுக்குக் காரணம் இப்போதுதான் விளங்கியது. இதைத் தாங்கள் தொடராகவே வெளியிடலாம். சந்தா கட்ட எங்கள் தெருவே தயார்.

அந்தக் கதைகளுக்கு நடுவில் எங்கள் வரியும் ஒன்று. 1986-இல் அப்பா ஒரு கூட்டுறவு வங்கியில் 8,000 ரூபாய்க்கு அடமானம் வைத்திருக்கிறார். கட்டி முடித்துவிட்டார். கட்டி முடித்ததற்கான ரசீதைத் தங்களிடம் பதிவு செய்யத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அடமானக் கடனுக்காகச் சொத்தின்மேல் வழக்குப் போடக் காலவரையறைச் சட்டம் கொடுப்பது 12 ஆண்டு. அது எப்போதோ கழிந்துவிட்டது. கடன் கொடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள், சட்டம் மறந்துவிட்டது, கடன் வாங்கியவர் காலமாகிவிட்டார். தங்கள் சான்றில் மட்டும் அந்த 8,000 ரூபாய் இன்றைக்கும் திடமாக, உடல் நலத்தோடு இருக்கிறது.

அடுத்து, அப்பா யார் என்ற கேள்வி. பத்திரத்தில் அவர் பெயர் நடுவில் ‘ஜ’ இருக்கிறது. பட்டாவில் அதே இடத்தில் ‘ச’. குடும்ப அட்டையில் இனிஷியல் பின்னால் போய் நிற்கிறது. இறப்புச் சான்றில் இனிஷியலே இல்லை. ஆக, தங்கள் கணக்கில் நான்கு பேர். இந்த நால்வரும் ஒரே வீட்டில், ஒரே மனைவியோடு, சண்டை சச்சரவில்லாமல் வாழ்ந்து 2009-இல் ஒரே நாளில் காலமாகியிருக்கிறார்கள் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இவர்கள் நால்வரும் ஒருவரே என்று ஒரு சான்று வாங்கியாயிற்று. அந்தச் சான்றில் ஒரு கால் விட்டுப்போய் ஐந்தாவதாக ஒருவர் பிறந்திருக்கிறார். அவருக்கும் சேர்த்து விண்ணப்பித்திருக்கிறேன்.

இடத்தின் அளவும் அப்பாவின் வழியிலேயே போகிறது. பழைய பத்திரம் எங்கள் காவிரிப் பாசனக் கணக்கில் 18 குழி என்கிறது. குழிக்கு 144 சதுர அடி. ஆக 2,592 சதுர அடி. நத்தம் பட்டாவில் 238 சதுர மீட்டர். அதைச் சதுர அடிக்கு மாற்றினால் 2,562 வருகிறது. குறைகிற 30 சதுர அடி எங்கே? ஐந்துக்கு ஆறு, ஒரு கட்டில் போடும் இடம். பக்கத்து வீட்டுக்காரரின் பத்திரத்தில் அது கூடியிருக்கிறதா என்று பார்த்தோம், அவருக்கும் குறைகிறது. அதற்கடுத்தவருக்கும் அப்படியே. குழியிலிருந்து மீட்டருக்குப் போகும் வழியில் தெரு முழுக்க ஆளுக்கு ஒரு கட்டிலைப் பறிகொடுத்திருக்கிறது.

இனி பாட்டி. அப்பா உயில் எழுதவில்லை. இடம் அவருடைய சொந்தச் சம்பாத்தியம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள்களோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. பாட்டி அப்போது உயிரோடு இருந்தாள். அம்மா, பாட்டி, நான், இரண்டு தங்கைகள். ஐந்து பேருக்கும் சம பங்கு. இதில் தங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் அழகான சட்டம். பெற்றவளை மறக்கவில்லை. நாங்கள்தான் மறந்திருந்தோம். பாட்டி கடைசிக் காலத்தில் கூடத்தின் ஓரமாகப் படுத்துக்கொண்டு, வாசல் பக்கம் போகிற வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறோமே என்று காலை மடக்கிக்கொள்வாள். அவள் 518 சதுர அடிக்குச் சொந்தக்காரி என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

2013-இல் பாட்டியும் போனாள். அவளுடைய ஐந்தில் ஒரு பங்கு மூன்றாகப் பிரிந்தது: பெரிய அத்தைக்கு ஒன்று, சின்ன அத்தைக்கு ஒன்று, அப்பா முந்திக்கொண்டதால் அவர் பிள்ளைகளான எங்களுக்கு ஒன்று. அத்தைமாருக்குத் தலா பதினைந்தில் ஒன்று. 172 சதுர அடியும் சில்லறையும். பெரிய அத்தை இப்போது இல்லை. அவருடைய பங்கு பிள்ளைகளுக்கு. அதில் ஒருவன் மஸ்கட்டில். அங்கே இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுப் பவர் பத்திரம் அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பையன் ஒரு வெள்ளிக்கிழமை போய் நின்றிருக்கிறான். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. சின்ன வயதில் எங்கள் வீட்டு மாமரத்தில் ஏறி விழுந்து கையை ஒடித்துக்கொண்டவன் அவன். அந்த வீட்டில் தனக்கும் சில அடி நிலம் வரப்போவது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிதானமாக ஏறியிருப்பான்.

சின்ன அத்தையிடம் நான்தான் பேசினேன்.

“கையெழுத்துதானேடா தம்பி, போட்டாப் போச்சு. அண்ணன் வீட்ட வித்து நான் பங்கு கேக்கவா போறேன்?”

“சரிங்கத்தே.”

“ஆமா, அந்த வாசக்கதவு யாருக்கு?”

வாசற்கதவு தாத்தா காலத்துத் தேக்கு. பழைய வீட்டை இடித்தபோது அப்பா கொண்டுவந்து இங்கே பொருத்தினார். அத்தைக்கு அது வேண்டும். பணமாக எதுவும் வேண்டாம், கதவு போதும். ஆனால் வாங்குபவருக்கும் (அந்தத் திசைகாட்டிக்காரர்தான்) வீட்டில் பிடித்துப்போனது அந்தக் கதவு ஒன்றுதான். மற்றதையெல்லாம் இடிக்கப் போகிறாராம். ஆவண எழுத்தர் தயாரித்த கிரயப் பத்திரத்திலோ ‘கதவு, ஜன்னல், நிலை வகையறா உள்பட’ என்று வழக்கம்போல் விழுந்துவிட்டது. போதாதென்று, கட்டடத்தின் புகைப்படத்தையும் இருப்பிடக் குறியீட்டோடு ஆவணத்தில் சேர்க்க வேண்டும் என்பது தங்கள் நடைமுறை. (அந்த ஒரு படத்துக்காகவே முகப்புக்கு மட்டும் மூன்றாவது கோட்டு அடித்தோம்.) கதவோடு எடுத்தால் அத்தை கையெழுத்துப் போட மாட்டார், கதவில்லாமல் எடுத்தால் வாங்குபவர் வர மாட்டார். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்துப் பரிமாற்றத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்கிறது. அந்த நூறு ரூபாய் 1908-லிருந்து அசையவில்லை. இந்தக் கதவின் தாழ்ப்பாள் மட்டுமே அதைவிடக் கூடுதலாகப் போகும். கதவு அசையும் சொத்தா, அசையாச் சொத்தா? தினமும் இருமுறையாவது அசைகிறது என்பதற்கு அம்மா சாட்சி. தங்கள் மேலான அறிவுரைக்குக் காத்திருக்கிறேன்.

அசல் பத்திரத்தைக் கேட்டிருந்தீர்கள். 2022-இல் கொண்டுவந்த 55-ஏ விதிப்படி, எழுதிக் கொடுப்பவருக்குச் சொத்து எந்தப் பத்திரத்தால் வந்ததோ அதன் அசலைக் காட்டினால்தான் அடுத்த பத்திரம் பதிவாகும் என்றீர்கள். உரிமை உண்டா இல்லையா என்று பார்ப்பது பதிவு அதிகாரியின் வேலையல்ல என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அந்த விதியைச் செல்லாது என்றது. அதே மாதக் கடைசியில் சட்டப்பேரவையில் அதைச் சட்டத் திருத்த மசோதாவாகவே நிறைவேற்றிக்கொண்டீர்கள். தங்கள் விடாமுயற்சி பள்ளிப் பாடத்தில் வர வேண்டியது. போலிப் பத்திரங்களைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்பது தெரியும். நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. பரண்மேலிருந்து அண்ணன் தம்பிக்குத் தெரியாமல் பத்திரம் எடுக்கும் ஆட்கள் எங்கள் ஊரிலும் உண்டு.

ஆனால் எங்கள் பரணில் பத்திரத்தை எடுத்தது கரையான். ஸ்டாம்பு ஒட்டிய பக்கம், கையெழுத்துப் பக்கம், ரேகைப் பக்கம் எல்லாம் போய், நடுவில் வடக்கெல்லையும் பாதிக் கிழக்கெல்லையும் மிச்சம். மீதி ஒரு பிடி மண். காணாமல் போன பத்திரத்துக்குக் காவல் நிலையத்தில் ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று சான்று வாங்கி, செய்தித்தாளில் விளம்பரமும் கொடுக்கலாம் என்று வழி வைத்திருக்கிறீர்கள். போனேன். காவலர் பொறுமையாகக் கேட்டார்.

“கரையான் தின்னுருச்சுன்னா அது காணாமப் போனதாகாதே சார். தொலைஞ்சு போவணும்.”

“எப்படித் தொலையணும்?”

“ஜெராக்ஸ் எடுக்கப் போறப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க.”

உண்மைதான். செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தைப் புரட்டினால் தமிழ்நாட்டில் எந்தப் பத்திரமும் வீட்டில் தொலைவதே இல்லை. அத்தனையும் நகலெடுக்கப் போகிற வழியில், பேருந்து நிலையத்தருகே, எதிர்பாராத விதமாகத் தவறிவிடுகிறது. நான் வேண்டுவது ஒன்றுதான். என் பத்திரத்தின் நகல் எழுத்துக்கு எழுத்து தங்கள் அலுவலகத்திலேயே, புத்தகம் 1-இல் இருக்கிறது. அதிலிருந்துதான் தங்கள் முத்திரை போட்ட சான்றிட்ட நகலை வாங்கினேன். அசலில் என்ன இருந்தது என்பதற்கு அந்த நகலே சாட்சியமாகும் என்று தங்கள் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் அதை ஏற்கும். ஊர் உலகமே ஏற்கும். அதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த தாங்கள் மட்டும் நம்ப மறுக்கிறீர்கள்.

இத்தனையும் கொண்டுவந்து கொட்டிய பிறகு தாங்கள் தருவது என்ன என்று வாங்குபவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, தங்களையே கேட்கிறேன். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9. நாற்பது லட்சத்துக்கு 3,60,000 ரூபாய். அதைக் கட்டி வாங்கும் முத்திரை, இன்னார் இன்ன பத்திரத்தைக் கொண்டுவந்தார், கையெழுத்துப் போட்டார், ரேகை வைத்தார் என்று மட்டுமே சொல்கிறது. வீடு இவருடையதுதான் என்று சொல்லவில்லை. நாளைக்கு வேறொருவர் உரிமை கொண்டாடி வந்தால் அந்த முத்திரை வாயைத் திறக்காது. அப்போது வழி காட்டுவதற்குப் பத்திரத்திலேயே ஒரு வரி இருக்கிறது: வில்லங்கம் ஏதும் தோன்றினால் என் சொந்தச் செலவில், என் இதர சொத்துகளைக் கொண்டு நானே தீர்த்துத் தருவேன் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். ஆக, கட்டணம் தங்களுக்கு, உத்தரவாதம் என்னுடையது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் 1858-லேயே அரசாங்கமே உரிமைக்குப் பொறுப்பேற்கும் பதிவு முறையைக் கொண்டுவந்துவிட்டார். அங்கே பதிவேட்டில் பெயர் இருந்தால் அவரே உரிமையாளர். இங்கே பதிவேட்டில் பெயர் இருந்தால், அவரிடம் பதிவேட்டில் பெயர் இருக்கிறது.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. என் வீட்டுக்கு இரண்டு விலை இருக்கிறது: தங்கள் வழிகாட்டி மதிப்பு ஒன்று, தெரு சொல்வது ஒன்று. தங்களுடையதை வங்கி வழியாகவும் மீதியைப் பையிலும் தருவதாக வாங்குபவர் மரியாதையாகச் சொன்னார். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய்க்குக் குறையாத தொகையை ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015-லிருந்து சொல்கிறதே என்றேன். “அதனாலதான் சார் பையில” என்றார். முழுத் தொகையும் காசோலையாகத்தான் என்று உறுதியாகச் சொன்ன பிறகு, ஈசானி மூலைக்கான பரிகாரம் மூன்று லட்சமாக உயர்ந்தது.

கடைசியாக, நாள். முகூர்த்த நாள்களில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 100 டோக்கனை 150 ஆகவும், இரண்டு பேர் உள்ள இடத்தில் 200-ஐ 300 ஆகவும், தட்கலில் 12-க்கு மேல் இன்னும் 4-ம் கூட்டித் தருகிறீர்கள். பகுத்தறிவுக்குப் பேர்போன மாநிலத்தில் ஓர் அரசுத் துறை பஞ்சாங்கம் பார்த்துச் சுற்றறிக்கை அனுப்புவதை நான் மனமார வரவேற்கிறேன். கூட்டம் வருகிற நாளில் கதவை அகலத் திறப்பது நல்ல நிர்வாகம்தான். (லஞ்ச ஒழிப்புத் துறையினர் சோதனைக்கு வருவதற்கும் தீபாவளியை ஒட்டிய நாள்களில் ஒரு விசேஷ ராசி இருப்பதாகச் செய்திகளில் படிக்கிறேன்.) ஆனால் நாள் கொடுத்த தாங்கள் நேரம் கொடுக்கவில்லை. அங்கேதான் சிக்கல்.

வாங்குபவர் புதன்கிழமை பத்தரை மணிக்கு மேல் பன்னிரண்டுக்குள் பதிய வேண்டும் என்கிறார். அது குளிகை. குளிகையில் செய்வது திரும்பத் திரும்ப நடக்கும். அவருக்கு மேலும் மேலும் வீடு வாங்கும் யோகம் வர வேண்டும். எனக்கோ விற்கிற வேலை. அது திரும்பத் திரும்ப நடந்தால் என்னிடம் இன்னொரு வீடு இல்லை, இன்னொரு பாட்டியும் இல்லை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம். அதில் அம்மா ரேகை வைக்க மாட்டாள். பிற்பகலில் சின்ன அத்தைக்கு பஸ். எனவே அலுவலகம் திறக்கும் பத்து மணிக்கும் குளிகை தொடங்கும் பத்தரைக்கும் நடுவில், தங்கள் சர்வர் விழித்திருக்கும் ஒரு புதன்கிழமையைப் பார்த்து டோக்கன் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன். வாங்குபவரைப் பத்தரைக்குப் பிறகு கைநாட்டு வைக்கச் சொல்லலாம். இரண்டு பேருக்கும் திருப்தி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எழுதிக் கொடுப்பவர்களில் ஒருவன்

இணைப்பு: இறப்புச் சான்றுகள் (அப்பா, பாட்டி, பெரிய அத்தை), வாரிசுச் சான்றுகள், மஸ்கட் பவர் (வந்ததும்), ஐவரும் ஒருவரே என்ற சான்று (அதுவும் வந்ததும்), வீட்டு முகப்பின் புகைப்படம் இரண்டு (கதவுடன் ஒன்று, கதவின்றி ஒன்று, பொருந்துவதை எடுத்துக்கொள்ளவும்), 1978-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம், அசல் – மண், ஒரு பொட்டலம்.